இரு என்று ஒரு பெயர்

என் அண்ணன் மகனுடைய பெயரை முதல் தடவையிலேயே நம்பியவர்கள் யாரும் கிடையாது. "பேரென்ன தம்பி?" என்று கேட்பார்கள். அவன் "இரு" என்பான். கேட்டவர் மரியாதையாகக் காத்திருப்பார். அவனும் காத்திருப்பான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். உதவிக்குப் போகமாட்டேன். அந்தப் பெயர் வந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் சிரிக்கிற பாத்தியதையும் உண்டு என்பது என் கட்சி.

முழுப் பெயரே அவ்வளவுதான். இரண்டே எழுத்து. தமிழில் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் கன்னடத்திலும். பெங்களூரில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடத் தோதான பெயர் அகப்படாது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அப்படி யாரும் நினைக்கவில்லை.

முதல் மகா யுத்தம் முடிந்து பட்டாளங்கள் ஊர் திரும்பியிருந்த காலம். கண்டோன்மென்ட்டை நாங்கள் தண்டு என்போம். தண்டிலிருந்து நீலசந்திராவுக்குப் போகிற வழியில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் தகப்பனாரை நைனா என்று கூப்பிடுவோம். துரை பங்களாவில் சமையற்காரராக இருந்து ஓய்ந்தவர். அண்ணன் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கிற கடையில் தையற்காரன். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அண்ணி லிங்கராஜபுரத்துப் பெண், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். எனக்கு நேர்மாறு. எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயது அது. வாயைக் கொஞ்சம் கட்டு, இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள் என்று நைனா எச்சரித்துக்கொண்டே இருப்பார். நான் என்ன செய்வேன்? எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இருவுக்கு முன்னால் அண்ணிக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது ஆகுமுன்னே போய்விட்டன. முதலாவது காய்ச்சலில், இரண்டாவது பேதியில். இரண்டுக்கும் நைனாவின் பெயரைத்தான் வைத்திருந்தோம். தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வழக்கம். முதல் பிள்ளை போனபிறகு, வம்சத்தில் அந்தப் பெயர் விட்டுப்போகக் கூடாதென்று அடுத்தவனுக்கும் அதையே வைத்தார்கள். நைனாவின் பெயர் நீளமானது. முன்னால் ஒரு அர்ச்சிஷ்டவர், அதாவது புனிதர்; நடுவில் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர்; கடைசியில் ஒரு நாதர். கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் தெருமுனையைத் தாண்டிவிடலாம். அதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

மூன்றாவதும் ஆண்தான் பிறந்தது. நல்ல நிறை, நல்ல குரல். தெருவே சந்தோஷப்பட்டது. அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், சாம்பிராணிப் புகையில் காட்டி எடுத்தாள், எல்லாம் ஒழுங்காக. ஆனால் ஒரு கண்ணு, ஒரு ராஜா, ஒரு செல்லம் கிடையாது. அழுதால் எடுப்பாள், தூங்கினால் கிடத்துவாள். அந்த அறையில் அவள் வாய் திறந்து பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டும் பார்த்தேன். வெறும் தொட்டில் சத்தம்தான் வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை சௌக்கியமாகத்தான் இருந்தான். கூப்பிடாமலே வளர்க்கிற தாயாக இவள் ஆகிவிடுவாளோ என்பதுதான் என் பயம். பயம் ஒரு பக்கம் என்றால், அவள் மனதில் என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் துடிப்பு இன்னொரு பக்கம்.

இதற்குள் நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அதே பேருதான். இந்தத் தடவ நிக்கும்."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள் நீலசந்திராவிலிருந்து வருகிற கன்னடத்து அம்மாள். பிள்ளை பிறந்த மறுநாள் காலையில் செம்பில் பாலை அளந்துகொண்டே, "ஆ ஹெஸரு பேடம்மா," என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெயர் வேண்டாமாம். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நைனா காதில் விழுந்துவிட்டது. அவருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அவர் காப்பி குடிக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் தெருவும் பேசிக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தன் பெயர் பிள்ளைகளை விழுங்கிய பெயர் என்று யாராவது சொல்லிவிட்டால், அதை வாயால் மறுத்து ஜெயிக்க முடியுமா? அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை நடமாடிக் காட்டினால்தான் உண்டு.

ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிற ஞானத்தாயாக என்னை வைத்தார்கள். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவள் கோயிலுக்கு வரமாட்டாள். பிறந்த மறு ஞாயிறே கொண்டுபோய்விடுவார்கள், அவள் இன்னும் படுக்கையில் இருப்பாள். சுவாமியார் பெயர் என்ன என்று கேட்கும்போது பதில் சொல்லவேண்டியது ஞானத்தாய். ஆக, பெயர் என் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தத் தைரியத்தில் அண்ணியிடம் நேராகவே கேட்டேன். "அண்ணி, உனக்கு இன்னா பேரு புடிக்கும்? என்கிட்ட சொல்லு. நைனாவ நான் பாத்துக்கறேன்."

அவள் பிள்ளையின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னதா ஒரு பேரு போதும் பாப்பா. யாரோடதும் வாணாம்," என்றாள்.

சின்னது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன். மற்றதைக் காதில் வாங்கவில்லை.

ஏன் சின்னது என்பதற்கு எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். நீளப் பெயர் என்றால் எமனுக்கு வாசிக்கச் சுலபம். தூரத்திலிருந்தே கண்ணில் படும். குட்டைப் பெயர் என்றால் தவறவிட்டுவிடுவான். கிறிஸ்தவப் பெண் எமனைப் பற்றி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் எமன் ஒருவன்தான்.

பால்காரம்மாளிடம் கேட்டேன். அவர்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் திப்ப என்று வைப்பார்களாம். திப்பெ என்றால் குப்பைமேடு. சாவு வந்து பார்த்துவிட்டு, குப்பைதானே என்று போய்விடுமாம். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் குப்பைமேடு என்ற பெயரில் எந்த அர்ச்சிஷ்டவரும் மோட்சத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. கோயிலில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் போனேன். "வேதத்துல குட்டைப் பேரு எதுனா கீதா, உபதேசியாரே?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "யோபு," என்றார். பெற்ற பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்தவர் யோபு. இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுத்தால் அண்ணி எழுந்து லிங்கராஜபுரத்துக்கே நடந்துவிடுவாள். வேறு என்றேன். "நோவே," என்றார். பேழை கட்டினவர், நல்லவர்தான். ஆனால் பிள்ளையை நோவே நோவே என்று கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்கு நோவு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். உபதேசியாருக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. அர்ச்சிஷ்டவர்களைக் கத்தரிக்காய் மாதிரிப் பொறுக்குகிறாயே என்றார்.

என் தேடல் நைனா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. என்னைத் திட்டவில்லை. கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "கோயில்ல சாமியார் பேரு கேப்பாரு. இன்னா சொல்லுவே? சொல்லிக் காட்டு," என்றார். நான் அர்ச்சிஷ்டவர், சம்மனசு, நாதர் என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினேன். "நடுவுல முழுங்காத. இன்னொரு தபா," என்றார். அந்த வாரம் முழுக்க நான் இட்லிக்கு அரைக்கும்போதும் நைனாவின் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணி உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாளே என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்துக்கு நைனாவே அடுப்படியில் இறங்கிவிட்டார். துரைமாருக்குச் செய்த கேக்கைப் பேரனுக்குச் செய்யவேண்டாமா என்று விடியற்காலையிலேயே முட்டை அடிக்க உட்கார்ந்துவிட்டார், அதனால் கோயிலுக்கு வரவில்லை. நானும் அண்ணனும் ஞானத்தகப்பனும் போனோம். ஞானத்தகப்பன் அண்ணனுடைய சிநேகிதர், பட்டாளத்துப் பாண்டு செட்டில் பெரிய முரசு அடிப்பவர். அடித்து அடித்துக் காது மந்தமாகிவிட்டது. நல்ல மனுஷர், எது கேட்டாலும் சிரிப்பார்.

பெரிய சுவாமியார் கோலார் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். உபதேசியார் காய்ச்சலில் படுத்திருந்தார். கோயில் வாசலில் எங்களை எதிர்கொண்டவர் பிரான்சிலிருந்து புதிதாக வந்திறங்கிய சின்னச் சுவாமியார். ஆள் சின்னவர், தாடி பெரியது. தமிழ் அப்போதுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். கூட இருந்த கோயில்பிள்ளைக்கு விளக்கேற்றவும் மணியடிக்கவும் ஆமென் சொல்லவும் தெரியும். அதற்குமேல் அவரை யாரும் கேட்டதில்லை.

வழக்கப்படி வாசலிலேயே நிறுத்தி, சுவாமியார் குனிந்து, "பேர் என்ன?" என்று கேட்டார். அந்த இரண்டு வார்த்தையை நன்றாகப் பழகி வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் பிள்ளை கண்ணைத் திறந்தான். கண்ணுக்கு நேரே அவ்வளவு பெரிய தாடி. வீறிட்டான் பாருங்கள், கோயில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. நான் அவனைத் தோளில் போட்டுத் தட்டி, "இரு, இரு," என்றேன். அழுகிற பிள்ளையை வேறெப்படிச் சொல்லி அடக்குவது?

சுவாமியார் முகம் மலர்ந்தது. "இரு!" என்றார். அவர் நாக்கில் 'ரு' தொண்டைக்குள்ளிருந்து வந்தது. உடனே லத்தீனில் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான். லத்தீனுக்கு நடுவே சுவாமியார் "இரு" என்றார். அடடா, குழந்தையைச் சமாதானப்படுத்துகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். நாக்கில் உப்பு வைக்கும்போது ஒருதரம், "இரு." எண்ணெய் பூசுகையில் இன்னொருதரம், "இரு." சீமையிலிருந்து கப்பல் ஏறி வந்தவருக்கு நம் பிள்ளைமேல் இத்தனை கரிசனமா என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது. பெயரை மறுபடி கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அர்ச்சிஷ்டவர், சம்மனசு, நாதர் மூவரையும் வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றும்போது, மிகவும் அன்பாக, "இரு" என்று சொல்லித்தான் ஊற்றினார். பிள்ளையும் அதற்குக் கட்டுப்பட்டவன்போல அழுகையை நிறுத்தினான். ஞானத்தகப்பன் சிரித்தார். அண்ணன் தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் நைனா வெள்ளை ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தார். எங்களோடு சாப்பாட்டுக்கு வந்த கோயில்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். "பேரு ரொம்பப் புதுசா கீதுங்க."

"புதுசா? நம்ம பேருதான்பா. இன்னா பேரு, நீயே சொல்லு," என்றார் நைனா.

"இரு."

"கீறேன்பா. சொல்லு."

"அதாங்க. இரு."

"அதான் கீறேனே! எங்க போயிட்டேன்? பேரச் சொல்லுய்யா."

"பேரே அதாங்க. சாமியாரு இரு, இருன்னு அத்தச் சொல்லித்தான தண்ணி ஊத்துனாரு!"

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. தாடிக்காரருடைய அன்பெல்லாம் என்ன அன்பு என்று தெரிந்து, எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நைனாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே வற்றிப்போயிற்று. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு வாரமா நல்லாத்தான சொல்லிக் காமிச்சே," என்றார், அவ்வளவுதான்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த உபதேசியாரை அழைத்து வந்தார்கள். ஊற்றின தண்ணீர் ஊற்றினதுதான், ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்க முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் பெயரை நீட்டிக்கொள்ளலாமாம். "திருஇருதயம்னு சொல்றோம் இல்ல? இருதயநாதன்னு வெச்சுக்குங்க. இருங்கறது அதோட சுருக்கம்னு சாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். உங்களுக்கும் நாதன் கெடைச்ச மாதிரி ஆச்சு," என்றார். நல்ல யோசனை, நல்ல யோசனை என்று கூடத்தில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அதோடு விட்டால் போதும் என்றிருந்தது.

நைனா சம்மதிக்கவில்லை. "கோயில்ல இன்னா வேணா இருக்கட்டும். வூட்ல கூப்புடறது என் பேருதான்." சொல்லிவிட்டு உள்ளறைத் திரையைப் பார்த்துத் திரும்பினார். பங்களாவில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கிய குரல் அவருடையது. அது அன்று உடைந்து வந்தது. "என் பேருன்னா அவ்ளோ பயமா, தாயி? நானா அந்தப் புள்ளைங்கள முழுங்குனேன்?"

அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் இவர் ஒரு பெயருக்காகச் சண்டை போடுகிறார் என்று நினைத்திருந்தேன். தன் பெயர்தான் பிள்ளைகளை விழுங்கியது என்று சொந்த வீட்டிலேயே நினைக்கிறார்களோ என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

திரையை விலக்கிக்கொண்டு அண்ணி வந்தாள். எழுந்து வரக்கூடாத நாட்கள் அவை. யாரும் தடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயம் இல்ல மாமா," என்றாள். "அந்தப் பேரு பெரியவனுக்கு வெச்சது. அவன் போனதும் அவன்கிட்டேருந்து எடுத்துச் சின்னவனுக்குக் குடுத்தோம். சின்னவனக் கூப்புடறப்பல்லாம் பெரியவன் திரும்பிப் பாக்கற மாதிரியே இருந்திச்சு எனக்கு. இப்ப ரெண்டு பேருகிட்டேருந்தும் புடுங்கி இவனுக்குக் குடுக்கணுமா? அவங்களுக்கு வேற இன்னா மாமா கீது? ஒரு சட்டை கெடையாது, ஒரு செருப்பு கெடையாது. உங்க பேரு ஒண்ணுதான். அது அவங்களுக்கே இருக்கட்டும்."

யாரோடதும் வாணாம் என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் வந்து விழுந்தது. எமனாவது, குட்டைப் பெயராவது. நான் ஒரு வாரமாக ஊரெல்லாம் துருவியதற்கு விடை பக்கத்து அறையில் கிடந்திருக்கிறது.

நைனா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த பிள்ளை பசித்து அழ ஆரம்பித்தான். அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தோடு முகம் வைத்து, "இரு," என்றாள். "இருடா. இருடா கண்ணு."

பொறுத்துக்கொள் என்று சொன்னாளா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கத் துணிவு வராத ஒரே கேள்வி அது. பிறந்ததிலிருந்து பிள்ளையிடம் அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து நைனா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கேக்கை எடுத்து வைத்து, கத்தியைத் துடைத்து, ஒரு பெரிய துண்டாக வெட்டினார். "மொதத் துண்டு இருவுக்கு," என்றார். "அவனுக்குப் பல்லு மொளைக்கற வரிக்கும் அவங்கம்மா துன்னட்டும்." தட்டை அவரே கொண்டுபோய் அண்ணி கையில் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் ஓசூர் ரோட்டுக் கல்லறைக்குப் போனார். இரண்டு சின்னச் சிலுவைகளிலும் தன் பெயரைப் புதுச் சாயத்தில் எழுதிவிட்டுத் திரும்பினார். விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது.

இரு பிழைத்தான். ஒரு வயதைத் தாண்டினான், அம்மைக்கும் தப்பினான், கண்டதைத் தின்று கொழுகொழுவென்று வளர்ந்தான். பெயர்தான் தெருவைப் பாடாய்ப் படுத்தியது. அண்ணி வாசலில் நின்று "இரு!" என்று ஒரு சத்தம் போட்டால் அவன் ஓடிக்கொண்டே இருப்பான், தள்ளுவண்டிக்காரன் நின்றுவிடுவான். கன்னடத்துப் பிள்ளைகள் அவனை இருவெ, இருவெ என்று கூவிக் கேலி செய்வார்கள், அவர்கள் பாஷையில் எறும்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது "இரு" என்றதும் அடுத்த பையன் தன் முறை இல்லை போலும் என்று சும்மா இருந்துவிடுவானாம். இருதயநாதன் என்று போட்டுக்கொள்ளடா என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. பின்னால் கல்யாணமாகி வந்தவளுக்குத்தான் உண்மையான கஷ்டம். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாதே! கொஞ்சம் இருங்க என்று சொல்ல முடியாமல், "நில்லுங்க, நில்லுங்க," என்று பின்னாலேயே ஓடுவாள். நல்லவேளையாக எங்கள் தண்டுத் தமிழில் இருக்கிறது என்பதற்குக் கீது என்று ஒரு சொல் உண்டு. அரிசி கீது, பருப்பு கீது என்று அவள் குடித்தனம் ஓடிவிட்டது.

எனக்கு வேறொரு சந்தேகம் பல வருஷம் இருந்தது. அண்ணன் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். லத்தீன் ஜெபத்தில் பெயர் எங்கெங்கே வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். அன்று கோயிலில் எனக்கு விளங்காதது அவனுக்கு விளங்காமல் இருக்குமா? நைனா காலமான பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன். அண்ணன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். "வாசல்லியே தெரிஞ்சுபோச்சு," என்றான். "அப்புறம் ஏண்ணா நீ தடுக்கல?" என்றேன். "தடுக்கலாம்னுதான் கால எடுத்து வெச்சேன். அதுக்குள்ள சாமியாரு மறுபடியும் இருன்னாரு. நாங்க சொல்லி ரெண்டும் இருக்கல. சரி, கோயில்ல நின்னு சாமியாரு சொல்றாரே, அவரு சொன்னாவாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பால்காரம்மாள் கிழவியாகி, பால் ஊற்றுவதை மருமகளிடம் விட்ட பிறகும் அந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் நிற்பாள். "இரு இத்தானா?" என்று கேட்பாள். இரு இருக்கிறானா என்று அர்த்தம். அடுப்படியில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அண்ணி வாசலுக்கு வருவாள். "இருக்கான்," என்பாள். அண்ணியும் எங்களைப்போலத்தான் பேசுவாள். அவளுக்கும் பால் கீது, பருப்பு கீது, நான் வீட்டில் கீறேன். மகனுக்கு மட்டும் கீறான் என்று சொல்லவே மாட்டாள். முழுசாக, நிறுத்தி, "இருக்கான்."

வேடிக்கை என்னவென்றால் பாதி நாள் அவன் வீட்டில் இருக்கவே மாட்டான். பள்ளிக்கூடம் போயிருப்பான், பந்தாடப் போயிருப்பான், பின்னால் வேலைக்குப் போயிருப்பான். யார் வந்து இரு இருக்கானா என்று கேட்டாலும் முதலில் "இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் "வெளில போயிருக்கான்" என்பாள். வந்தவர்கள் திண்டாடுவார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன். அவர் போனதும் சிரிப்பை அடக்கமுடியாமல், "ஏன் அண்ணி இப்படி மனுஷங்கள அலைக்கழிக்கற? இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?" என்று கேட்டேன்.

அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"புள்ள எங்கன்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு ரெண்டு தபா சொல்லிட்டேன் பாப்பா," என்றாள். "போதும்."